கேட்கப்படாத சொற்கள்: போபாலும் 'பாதுகாப்புப் பண்பாடு' என்னும் கருத்தும்

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 2ஆம் நாள் இந்தியாவில் தேசிய மாசுக் கட்டுப்பாட்டு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 1984இல் அந்த இரவு போபால் நகரில் மாண்டவர்களின் நினைவாகவே அந்நாள் தெரிவு செய்யப்பட்டது. தேசியப் பாதுகாப்பு நாள் என்று வேறொரு நாளும் உண்டு. அது மார்ச் 4. தேசியப் பாதுகாப்புக் குழுமம் 1966இல் தொடங்கப்பெற்ற நாள். ஆக, உலகத் தொழில்துறை வரலாற்றின் மிகக் கொடிய விபத்து நம் நாட்காட்டியில் 'மாசு' என்னும் தலைப்பின்கீழ் நிற்கிறது. 'பாதுகாப்பு' என்னும் சொல்லோ ஓர் அமைப்பின் தொடக்க நாளோடு இணைந்து வேறொரு மாதத்தில் நிற்கிறது. மொழியியல் பயின்ற எனக்கு இந்தப் பெயரீடு நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது. ஒரு நிகழ்வை எந்தச் சொல்லின்கீழ் வைக்கிறோமோ, அந்தச் சொல் அனுமதிக்கும் பாடத்தை மட்டுமே அதிலிருந்து கற்கிறோம்.

போபாலை ஒரு நச்சு வாயுவின் வரலாறாக எழுதியிருக்கிறோம். ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் பொறுப்பின்மை வரலாறாகவும், பாதிக்கப்பட்டோருக்கு நீதி கிட்டாத வரலாறாகவும் எழுதியிருக்கிறோம். இவை மூன்றும் உண்மையானவை. இவற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டிய நான்காவது வரலாறு ஒன்றுண்டு. ஆபத்தை அறிந்தவர்கள் அதைச் சொன்னார்கள். அச்சொற்கள் எங்கே சென்று நின்றன என்பதே அது. இப்பதிவு அதைப் பற்றியது.

1. ஒரு கலைச்சொல்லின் பிறப்பு

அணுமின் நிலையம், விமானப் போக்குவரத்து, சுரங்கம், வேதி ஆலை, மருத்துவமனை என இடர் மிகுந்த அமைப்புகள் அனைத்திலும் இன்று 'பாதுகாப்புப் பண்பாடு' என்னும் தொடர் புழங்குகிறது. அதன் வயது ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளே. 1986 ஏப்ரல் 26இல் செர்னோபில் அணு உலை வெடித்தது. அதன் காரணங்களை ஆராய்ந்து சர்வதேச அணுசக்தி முகமையின் அணுப் பாதுகாப்பு ஆலோசனைக் குழு அவ்வாண்டே வெளியிட்ட அறிக்கையில்தான் இத்தொடர் கவனம் பெற்றது. 1991இல் அக்குழு இத்தொடரையே தலைப்பாக வைத்துத் தனி ஆவணம் ஒன்றை வெளியிட்டு, அதற்கு ஒரு வரையறையும் தந்தது. பாதுகாப்புத் தொடர்பான செய்திகளுக்கு அவற்றின் முக்கியத்துவத்திற்கு ஏற்ற கவனம் எல்லாவற்றுக்கும் முன்பாகக் கிடைக்கும்படியான அமைப்பின் இயல்பும் மனிதரின் மனப்பாங்கும் சேர்ந்ததே பாதுகாப்புப் பண்பாடு என்பது அதன் சாரம்.

செர்னோபிலுக்கு ஏறத்தாழ பதினேழு மாதங்கள் முன்னதாகவே போபால் நிகழ்ந்துவிட்டது. அங்கு உயிரிழந்தோர் எண்ணிக்கை செர்னோபிலின் உடனடி மரணங்களைவிடப் பன்மடங்கு பெரிது. எனினும் அக்கலைச்சொல் போபாலிலிருந்து பிறக்கவில்லை. இதற்கு ஒரு காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. போபாலைக் குறித்த விவாதம் தொடக்கம் முதலே நீதிமன்றத்தின் மொழியில் நடந்தது. நீதிமன்றம் 'யார் செய்தார்?', 'யார் ஈடு தர வேண்டும்?' என்று கேட்கும். அவை கேட்கப்பட வேண்டிய கேள்விகளே. அவற்றுக்கும் முறையான விடை கிடைக்கவில்லை என்பது வேறு துயரம். ஆனால் 'ஓர் அமைப்பு எவ்வாறு தன் செவிகளை ஒவ்வொன்றாக இழந்தது?' என்னும் கேள்விக்கு அந்த மொழியில் இடமில்லை.

2. ஆலை தேய்ந்த கதை

போபாலின் வடபுறத்தில் 1969இல் தொடங்கப்பட்ட யூனியன் கார்பைடு இந்தியா நிறுவனத்தின் ஆலை, 'செவின்' என்னும் பூச்சிக்கொல்லியைத் தயாரித்து வந்தது. அமெரிக்கத் தாய் நிறுவனத்திடம் 50.9 விழுக்காடு பங்குகள் இருந்தன. செவின் தயாரிப்புக்கு வேண்டிய மீதைல் ஐசோசயனேட் தொடக்கத்தில் இறக்குமதி செய்யப்பட்டது; 1980 முதல் ஆலையிலேயே உற்பத்தி செய்யப்பட்டது. தண்ணீர் பட்டால் கடும் வெப்பத்துடன் வினைபுரியும் இந்த நீர்மம் மூன்று பெரிய தொட்டிகளில் சேமிக்கப்பட்டது.

இந்த ஆலை தொடக்கத்திலிருந்தே அலட்சியத்தில் உருவானது என்று சொல்வது எளிது; ஆனால் அது முழு உண்மையாகாது. முதல் தலைமுறைப் பொறியாளர்கள் சிலர் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் உள்ள தாய் ஆலையில் பயிற்சி பெற்றவர்கள். இயக்குநர்களாகச் சேர்ந்தோரில் அறிவியல் படித்தோர் பலர் இருந்தனர். பின்னர் நிலை மாறியது. எதிர்பார்த்த அளவுக்குச் செவின் விற்கவில்லை. ஆலை இழப்பில் ஓடியது. செலவைக் குறைக்கும்படி அழுத்தம் வந்தது. அனுபவமுள்ளோர் ஒவ்வொருவராக வெளியேறினர். மீதைல் ஐசோசயனேட் பிரிவில் ஒரு பணிமுறைக்குப் பன்னிருவராக இருந்த குழு ஆறு பேராகச் சுருங்கியது. இரவுப் பணிமுறையில் பராமரிப்பு மேற்பார்வையாளர் பணியிடம் விபத்துக்குச் சற்று முன்னர் நீக்கப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆள்குறைப்பு என்பதை வெறும் எண்ணிக்கைக் குறைப்பாக நாம் வாசிக்கிறோம். ஒரு வேதி ஆலையில் மேற்பார்வையாளர் ஒருவர் நீங்கும்போது அவரிடம் சொல்லப்பட்டு வந்த செய்திகளுக்கான பாதையும் சேர்ந்து நீங்குகிறது. குழாயில் கசிவு கண்ட இயக்குநர் அதை யாரிடம் சொல்வார்? சொன்னால் அதைச் சரிசெய்ய யாருக்கு அதிகாரம் உண்டு? பணியிடப் பட்டியலில் ஒரு வரியை அடிக்கும்போது இக்கேள்விகளின் விடையும் அடிபடுகிறது.

3. சொன்னவர்கள்

எச்சரிக்கை இல்லாமல் நிகழ்ந்த விபத்தன்று போபால். குறைந்தது நான்கு திசைகளிலிருந்து எச்சரிக்கை எழுந்தது.

முதலாவது, தொழிலாளர்கள். 1981 டிசம்பரில் பாஸ்ஜீன் வாயு தாக்கி ஒரு தொழிலாளி உயிரிழந்தார். அடுத்த ஆண்டும் கசிவுகள் ஏற்பட்டுப் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தொழிற்சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. ஆலையின் ஆபத்தைச் சுவரொட்டிகளாக அச்சிட்டு நகரில் ஒட்டின. நிர்வாகம் இதைத் தொழிலுறவுச் சிக்கலாகவே பார்த்தது. சங்கம் பேசினால் அது ஊதியத்துக்கான பேரம் என்று முன்கூட்டியே முடிவு செய்தவரின் செவியில் 'வால்வு கசிகிறது' என்னும் தொடர்கூடக் கோரிக்கையாகத்தான் விழும்.

இரண்டாவது, நிறுவனத்தின் சொந்தத் தணிக்கை. 1982 மே மாதம் அமெரிக்காவிலிருந்து வந்த தணிக்கைக் குழு 61 குறைகளைப் பட்டியலிட்டது. அவற்றுள் 30 பெரியவை. 11 பாஸ்ஜீன், மீதைல் ஐசோசயனேட் பிரிவுகளில் இருந்தவை. கருவிக் கோளாறு, இயக்கப் பிழை, பராமரிப்புப் பிழை ஆகியவற்றால் நச்சு வெளியேறும் வாய்ப்பையும், பணியாளர் அடிக்கடி மாறுவதால் வரும் சிக்கலையும் அது சுட்டியது. பிறகு, குறைகள் களையப்பட்டு வருவதாகப் போபாலிலிருந்து அமெரிக்காவுக்கு முன்னேற்ற அறிக்கைகள் சென்றன. தணிக்கை அறிக்கை ஒரு கோப்பாகி, பதில் அறிக்கை இன்னொரு கோப்பாகி, இரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்துவிட்டன.

மூன்றாவது, ஓர் இதழாளர். போபாலில் 'ரபட்' என்னும் சிறு இந்தி வார இதழை நடத்திய ராஜ்குமார் கேஸ்வானி, 1982இல் இந்த ஆலை நகரை அழித்துவிடும் என்று தொடர்ந்து எழுதினார். போபால் எரிமலையின் வாயில் அமர்ந்திருக்கிறது என்பது அக்கட்டுரைகளுள் ஒன்றின் தலைப்புக் கருத்து. 1984 ஜூனில், விபத்துக்கு ஆறு மாதங்கள் முன்னர், 'ஜன்சத்தா' நாளிதழில் மீண்டும் எழுதினார். இதற்கிடையில் மாநிலச் சட்டப்பேரவையில் இவ்வாலை குறித்துக் கேள்வி எழுந்தபோது, பெரும் முதலீட்டில் அமைந்த ஆலையைக் கல்லைப் பெயர்ப்பதுபோல் பெயர்த்து வேறிடத்தில் வைக்க முடியாது, ஆபத்தும் ஏதுமில்லை என்ற பொருளில் தொழிலாளர் துறை அமைச்சர் விடையளித்தார். கேஸ்வானியின் கட்டுரைகள் இந்தியில் இருந்தன. உள்ளூர் வாசகர் எவரும் படிக்கக்கூடிய மொழியில் இருந்தன. அவை புரியாமல் போனதால் புறக்கணிக்கப்படவில்லை. ஒரு சிற்றிதழாளருக்கு வேதிப்பொறியியல் என்ன தெரியும் என்னும் மதிப்பீடு அவற்றுக்கு முன்பே அங்கு வந்து அமர்ந்திருந்தது.

நான்காவது, நிறுவனத்தின் அமெரிக்கக் கிளையிலேயே எழுதப்பட்ட ஓர் ஆவணம். 1984 செப்டம்பரில் மேற்கு வர்ஜீனியாவின் இன்ஸ்டிடியூட் ஆலையை ஆய்ந்த நிறுவனத் தணிக்கைக் குழு, மீதைல் ஐசோசயனேட் தொட்டியில் கட்டுப்படுத்த முடியாத வினை நிகழக்கூடும் என்று எச்சரித்தது. தொட்டியில் தண்ணீர் கலப்பதன் ஆபத்தையும் அது பேசியது. அதே நிறுவனம், அதே வேதிப்பொருள், அதே வகைச் சேமிப்பு. இருந்தும் அவ்வறிக்கை போபாலுக்கு அனுப்பப்படவில்லை. 1985 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் அதை வெளியிட்ட பின்னரே உலகம் அறிந்தது.

தொழிலாளர், தணிக்கையாளர், இதழாளர், தாய் நிறுவனத்தின் ஆய்வாளர் என நால்வரும் சொன்னார்கள். நால்வர் சொல்லும் நான்கு இடங்களில் நின்றது. அறிவு இல்லாமையால் விளைந்த விபத்து என்று இதைச் சொல்ல இயலாது. அறிவு இருந்தது, அது செயலாக மாறும் வழி இல்லை.

4. கையேட்டின் மொழி

போபால் ஆலையின் இயக்கக் கையேடுகளும் அறிவிப்புகள் பலவும் ஆங்கிலத்தில் இருந்தன. இயக்குநர்களுள் பலர் இந்தியில் சிந்தித்து, இந்தியில் உரையாடியவர்கள். அவர்களுக்கு இருந்த ஆங்கிலப் பயிற்சி குறைவு. இதைப் பலரும் குறிப்பிட்டுள்ளனர். ஆனால் இதன் சட்டப் பின்னணியை அதிகம் பேசியதில்லை.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 108ஆம் பிரிவு, சட்டப்படி ஆலையில் காட்சிக்கு வைக்கப்படும் அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளர் அறிந்த மொழியிலும் இருக்க வேண்டும் என்று விதித்தது. விடுதலை பெற்ற மறு ஆண்டே தொழிலாளரின் மொழியைச் சட்டம் நினைத்துப் பார்த்திருக்கிறது என்பது மகிழ்ச்சிக்குரியது. அதன் எல்லையையும் பார்க்க வேண்டும். அது பேசியது அறிவிப்புப் பலகையைப் பற்றி. பணிநேரமும் விடுமுறையும் தொழிலாளியின் மொழியில் தொங்கும். தொட்டியின் அழுத்தம் உயர்ந்தால் என்ன செய்வது என்பது அலமாரியில் உள்ள ஆங்கிலக் கையேட்டில் இருக்கும்.

இதை வெறும் மொழிபெயர்ப்புச் சிக்கலாக நான் காணவில்லை. கையேட்டை இந்தியில் பெயர்த்து வைத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று சொல்பவர் மொழியை அறிந்தவரல்லர். ஒருவர் தன் மொழியில் ஒன்றைப் படிக்கும்போது அதைக் கேள்வி கேட்கிறார். 'இது நம் ஆலைக்குப் பொருந்துமா?' என்கிறார், அடுத்தவரோடு வாதிடுகிறார். பாதி விளங்கும் மொழியில் படிக்கும்போது கேள்வி கேட்கும் துணிவு போய்விடுகிறது. தனக்குப் புரியவில்லை என்பது வெளிப்பட்டுவிடுமோ என்ற கூச்சம் வாயை மூடுகிறது. இந்திய வகுப்பறைகளில் கடைசி இருக்கையில் அமர்ந்தவர்களுக்கு இக்கூச்சத்தை விளக்கத் தேவையில்லை.

அமைப்பியல் அறிஞர் கார்ல் வைக் 1988இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை போபாலையே முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டது. ஒன்றைச் சரிசெய்யும் ஆற்றலும் அதிகாரமும் தமக்கு உண்டு என்று நம்புவோர் அதிகமாகக் கவனிக்கின்றனர். அவை இல்லாதோர் கண்ணில் ஆபத்தின் அறிகுறிகள் படுவதும் குறைகிறது என்பது அவர் வாதங்களுள் ஒன்று. ஆலையில் தம் சொல்லுக்கு மதிப்பில்லை என்று கற்றுக்கொண்டவர் நாளடைவில் பார்ப்பதையும் நிறுத்திவிடுகிறார். போபாலின் கடைசி இரண்டு ஆண்டுகளைப் புரிந்துகொள்ள இக்கருத்து பெரிதும் உதவும்.

5. நின்றுபோன கருவிகள்

மனிதர் சொல் நின்றதுபோலவே கருவிகளும் ஒவ்வொன்றாக நின்றன. தொட்டியைக் குளிர்விக்கும் அமைப்பு 1984 ஜூனில் நிறுத்தப்பட்டது. கையேடு அறிவுறுத்திய வெப்பநிலை ஏறத்தாழ 4.5 பாகை செல்சியஸ். தொட்டியில் நிலவியதோ 20 பாகையை ஒட்டிய வெப்பம். வெளியேறும் வாயுவைக் காரத்தால் நடுநிலையாக்கும் கோபுரம் அக்டோபர் முதல் இயங்கா நிலையில் வைக்கப்பட்டிருந்தது. மிஞ்சும் வாயுவை எரிக்கும் கோபுரத்தின் குழாய் அரித்துப்போனதால் கழற்றப்பட்டிருந்தது. மாற்றுக் குழாய் இன்னும் பொருத்தப்படவில்லை. நீர்த்திரை அமைப்பின் நீர், வாயு வெளியேறிய உயரத்தை எட்டவில்லை.

எல்லாவற்றிலும் துயரமானது சங்கின் கதை. ஆலைக்குள் ஒலிக்கும் எச்சரிக்கை ஒலியும் ஊருக்கு ஒலிக்கும் சங்கும் முன்பு இணைந்திருந்தன. சிறு கசிவுகளின்போதும் சங்கு ஊதி அக்கம்பக்கத்தார் அச்சமுறுகின்றனர் என்பதால் 1982இல் இரண்டும் பிரிக்கப்பட்டன. ஆலைக்குள் எச்சரிக்கை ஒலித்தாலும் ஊரின் உறக்கம் கலையாது. ஊரார் பதற்றமடையக் கூடாது என்னும் அக்கறையின் பெயரால், ஊராரோடு ஆலை பேசிய ஒரே மொழியும் அறுந்தது.

இம்மாற்றங்கள் ஒவ்வொன்றுக்கும் அப்போது ஒரு நியாயம் சொல்லப்பட்டது. உற்பத்தி நடக்கவில்லையே, கோபுரம் எதற்கு? மின்செலவு மிகுகிறதே, குளிரூட்டி எதற்கு? நேற்று நிறுத்தினோம், ஒன்றும் ஆகவில்லை. ஆகவே இன்றும் நிறுத்தலாம். சேலஞ்சர் விண்கல விபத்தை ஆராய்ந்து 1996இல் நூல் எழுதிய சமூகவியலாளர் டயான் வான் இந்தப் போக்கை 'விலகல் இயல்பாதல்' என்னும் பொருள்படும் தொடரால் குறித்தார். விதியை மீறுகிறோம் என்ற உணர்வே இல்லாமல் போகும் நிலை அது. மீறல்தான் அங்கே புதிய விதி.

6. அந்த இரவு

1984 டிசம்பர் 2 இரவு, ஏறத்தாழ 40 டன் மீதைல் ஐசோசயனேட் இருந்த 610ஆம் எண் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. பத்தரை மணிக்குச் சற்று முன் தொட்டியின் அழுத்தம் 2 என்று பதிவானது. பணிமுறை மாறியது. பதினொரு மணியளவில் அது 10. புதிதாகப் பணியேற்றவர் கண்ணுக்கு 10 என்பது இயல்பான எல்லைக்குள் உள்ள எண். ஒரு மணி நேரத்துக்குள் அது ஐந்து மடங்காகியிருக்கிறது என்னும் செய்தி எண்ணில் இல்லை, இரண்டு எண்களுக்கு இடையில் இருந்தது. கருவிகள் அடிக்கடி பிழையாகக் காட்டியதால் அவற்றை நம்பும் வழக்கமும் அங்கு இல்லை.

பதினொன்றரை மணியளவில் தொழிலாளர்களின் கண்கள் எரிந்தன. கசிவு இருப்பதை உணர்ந்து மேற்பார்வையாளரிடம் சொன்னார்கள். தேநீர் இடைவேளைக்குப் பிறகு பார்க்கலாம் என்று முடிவாயிற்று. இதைப் படிக்கும்போது நமக்குச் சினம் எழுகிறது. ஆனால் கண் எரிச்சல் அந்த ஆலையில் அன்றாட நிகழ்ச்சி. கசிவைக் கண்டறியும் கருவியாகத் தொழிலாளரின் கண்களே பயன்பட்டு வந்தன. தினமும் எரியும் கண்கள் அன்று எரிந்ததில் புதுமை என்ன? எச்சரிக்கையும் வழக்கமும் ஒன்றாகிப்போன இடத்தில் தேநீருக்குப் பின் பார்க்கலாம் என்பது இயல்பான முடிவுதான். நாம் அஞ்ச வேண்டியது அந்த இயல்பைக் கண்டுதான்.

நள்ளிரவு கடந்து முக்கால் மணி அளவில் வாயு பீறிட்டது. ஊருக்கான சங்கு சிறிது நேரம் ஊதி நிறுத்தப்பட்டது; மீண்டும் முழுமையாக ஒலித்தபோது மக்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தனர். ஓடியோர் அதிகம் சுவாசித்தனர். முகத்தை ஈரத்துணியால் மூடிக்கொள்ளுங்கள் என்ற ஒற்றை வாக்கியம் பல உயிர்களைக் காத்திருக்கும். அவ்வாக்கியத்தை எந்த மொழியிலும் எவரும் முன்னரே அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. ஹமீதியா மருத்துவமனையில் குவிந்தோருக்கு எந்த நஞ்சுக்கான சிகிச்சை அளிப்பது என்பது மருத்துவர்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை. மாநில அரசின் கணக்கில் வாயுவால் இறந்தோர் 3,787 பேர். பாதிக்கப்பட்டோர் அமைப்புகள் கூறும் எண்ணிக்கை இதனினும் மிகப் பெரிது. காயமுற்றோர் 5,58,125 என்று 2006இல் அரசே நீதிமன்றத்தில் கூறியது.

7. அதே நகரில் வேறோர் அமைப்பு

அதே இரவில், ஆலையிலிருந்து சிறிது தொலைவிலிருந்த போபால் ரயில் நிலையத்தில், துணை நிலையக் கண்காணிப்பாளர் குலாம் தஸ்தகீர் பணியில் இருந்தார். நடைமேடையில் நின்ற கோரக்பூர் வண்டி புறப்பட இன்னும் நேரம் இருந்தது. தொண்டை எரிய, கண் எரிய, என்ன நிகழ்கிறது என்று முழுதும் அறியாமலே, மேலிட அனுமதிக்குக் காத்திராமல் வண்டியை உடனே அனுப்பச் சொன்னார். போபாலுக்கு வரும் வண்டிகளை நிறுத்தும்படி அண்டை நிலையங்களுக்குத் தகவல் அனுப்பினார். நிலைய ஊழியர் பலர் அவ்விரவில் மாண்டனர். தஸ்தகீர் அந்த நஞ்சின் விளைவுகளைச் சுமந்து வாழ்ந்து 2003இல் காலமானார்.

இதனை ஒரு தனிமனிதரின் வீரமாக மட்டும் கொண்டாடுவது வழக்கம். அவர் வீரரே, ஐயமில்லை. எனினும் அவருடைய சொல் எப்படி நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு நிலையத்திலிருந்து வண்டியை நிறுத்து என்ற செய்தி வந்தால், அடுத்த நிலையம் அதைக் கேட்டே தீரும். ஆபத்தைக் கண்ட கடைநிலை ஊழியரும் சிவப்புக்கொடி காட்டி வண்டியை நிறுத்தலாம். 'நீ யார் நிறுத்த?' என்ற கேள்வி அங்கே முதலில் எழாது. ரயில்வேயில் விபத்துகள் நிகழவில்லை என்றோ, அங்கே படிநிலை இல்லை என்றோ நான் கூறவில்லை. படிநிலை மிகக் கடுமையான ஓர் அமைப்பிலும் 'நிறுத்து' என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் படிநிலையைக் கடக்கும் உரிமை தரப்பட்டிருந்தது என்பதே என் கருத்து. ஆலையில் அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அப்படிப்பட்ட சொல் எதுவும் வழங்கப்படவில்லை.

8. விபத்தின் இலக்கணம்

விபத்துக்குப் பின் இரண்டு வகை வாக்கியங்கள் எழுந்தன. தமிழ் இலக்கணம் நமக்குத் தந்துள்ள பகுப்பு இவற்றைக் காண உதவும்.

முதல் வகை செயப்பாட்டுவினை. 'குளிரூட்டி நிறுத்தப்பட்டிருந்தது', 'குழாய் கழற்றப்பட்டிருந்தது'. நான் மேலே எழுதிய பத்தியிலும் அதே வினைகளையே கையாண்டிருக்கிறேன் என்பதை நீங்கள் கவனித்திருக்கலாம். ஆவணங்கள் அவ்வாறு எழுதப்பட்டிருப்பதால் வரலாற்றாய்வாளரும் அவ்வாறே எழுத நேர்கிறது. எழுவாய் மறைந்துவிடுகிறது. நிறுத்தியவர் யார், யாருடைய ஒப்புதலோடு, யார் தடுத்தும் கேளாமல் என்பவை வினையின் உள்ளே புதைந்துபோகின்றன.

இரண்டாவது வகை ஒற்றை எழுவாய் கொண்ட செய்வினை. 1988இல் ஆர்தர் டி. லிட்டில் ஆலோசனை நிறுவனத்தின் அசோக் கலேல்கர், அதிருப்தியுற்ற தொழிலாளி ஒருவர் வேண்டுமென்றே தொட்டிக்குள் தண்ணீரைச் செலுத்தினார் என்ற வாதத்தை முன்வைத்தார். யூனியன் கார்பைடு அதையே தன் நிலைப்பாடாகக் கொண்டது. குழாய்களை நீரால் கழுவியபோது, தடுப்புத் தகடு செருகப்படாததால் தண்ணீர் புகுந்தது என்பது தொழிலாளர் தரப்பின் விளக்கம். நாசவேலை வாதம் எந்த நீதிமன்றத்திலும் நிறுவப்படவில்லை.

அது உண்மையென்றே ஒரு வாதத்துக்கு வைத்துக்கொள்வோம். ஒரு மனிதரின் சினமும் ஒரு ரப்பர் குழாயும் சேர்ந்தால் ஒரு நகரம் அழியும் என்றால், அந்நிலையை உருவாக்கியது யார்? இதற்கு விடை சொல்ல மேற்கண்ட இரு வாக்கிய வகைகளும் போதா. ஒன்றில் எழுவாயே இல்லை. மற்றொன்றில் எழுவாய் மிகச் சிறியது. போபாலுக்கு வேண்டிய வாக்கியத்தின் எழுவாய் ஓர் அமைப்பு. அதன் வினை பல ஆண்டுகள் நீண்டது. இந்திய அரசு நியமித்த வரதராஜன் தலைமையிலான அறிவியல் குழு 1985 டிசம்பரில் அளித்த அறிக்கை, இவ்வளவு நச்சுப்பொருளைச் சேமித்ததையும் வடிவமைப்புக் குறைகளையும் சுட்டி அத்தகைய வாக்கியத்தின் பக்கம் நெருங்கியது. பொது நினைவு அங்கே செல்லவில்லை. 1989இல் 47 கோடி டாலருக்கு உடன்பாடு. 2010இல் எழுவருக்கு இரண்டாண்டுச் சிறைத் தண்டனை. இவற்றோடு வாக்கியம் முற்றுப்பெற்றுவிட்டதாகக் கருதப்பட்டது.

9. சட்டம் கற்றதும் கல்லாததும்

சட்டம் எதையும் கற்கவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1987இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டு, ஆபத்தான உற்பத்திமுறைகளுக்கென ஓர் இயல் சேர்க்கப்பட்டது. அதன் 41-பி பிரிவு, ஆபத்து குறித்த தகவல்களைத் தொழிலாளருக்கும் உள்ளாட்சிக்கும் சுற்றுப்புற மக்களுக்கும் வெளியிடும் கடமையை நிறுவனத்தின்மேல் வைத்தது. 41-ஜி, பாதுகாப்புக் குழுவில் தொழிலாளருக்கும் நிர்வாகத்துக்கும் சம எண்ணிக்கையில் இடம் தந்தது. 41-எச், உடனடி ஆபத்து உண்டு என்று அஞ்சும் தொழிலாளி அதை நிர்வாகத்திடமும் ஆய்வாளரிடமும் தெரிவிக்கும் உரிமையை அளித்தது. சொல் செல்லும் பாதையைச் சட்டமே வரைய முயன்றது என்ற வகையில் இவை போபாலின் நேரடிப் பிள்ளைகள்.

ஆயினும் 41-எச் தந்தது சொல்லும் உரிமை. வேலையைத் தாமே நிறுத்தும் உரிமையன்று. சொன்ன பிறகு சரிசெய்யும் கடமை நிர்வாகத்துக்கு உண்டு. நிர்வாகம் உடன்படாவிட்டால் ஆய்வாளர் முடிவு செய்வார். அழுத்தமானி ஆய்வாளருக்காகக் காத்திருப்பதில்லை.

2020 மே 7 அதிகாலை, விசாகப்பட்டினத்தின் ஆர்.ஆர். வெங்கடாபுரத்தில் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையிலிருந்து ஸ்டைரீன் கசிந்து 12 பேர் இறந்தனர். அதை விசாரிக்க ஆந்திர அரசு நியமித்த உயர்நிலைக் குழு சுட்டிய குறைகளுள் ஒன்று: ஆலையில் எச்சரிக்கைச் சங்கு இருந்தது, அது ஒலிக்கப்படவில்லை. போபாலுக்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், சட்டம் திருத்தப்பட்டு, விதிகள் எழுதப்பட்டு, கருவியும் பொருத்தப்பட்ட பிறகும், உறங்கும் ஊரை எழுப்பும் அந்தச் செயல் நடைபெறவில்லை.

10. பண்படுத்துதல்

'பண்பாடு' என்ற சொல்லைக் கேட்டதும் நாம் பழைமை, மரபு, பெருமை என்று எண்ணப் பழகிவிட்டோம். 'பண்படுத்துதல்' என்னும் வினை உழவரிடம் இன்றும் உயிரோடு இருக்கிறது. நிலத்தைப் பண்படுத்துவது ஒருமுறை செய்து முடிக்கும் வேலையன்று. சென்ற ஆண்டு உழுததைச் சொல்லி இந்த ஆண்டு விதைக்க முடியாது; ஒரு பருவம் விட்டால் களை மூடும். அணுசக்தி முகமையின் வரையறையைவிட இந்த வினையே எனக்குத் தெளிவாக விளங்குகிறது. 1970களின் போபால் ஆலை பயிற்சி பெற்றோரைக் கொண்டிருந்தது என்பது 1984இன் ஆலைக்கு எவ்வகையிலும் துணை நிற்கவில்லை.

ஓர் அமைப்பின் பாதுகாப்புப் பண்பாட்டை அளக்க அதன் சுவரிலுள்ள முழக்கங்களையோ மார்ச் 4இல் எடுக்கும் உறுதிமொழியையோ பார்த்துப் பயனில்லை. மூன்று கேள்விகள் போதும் என்று கருதுகிறேன். அங்கே கடைநிலையில் உள்ளவர் கெட்ட செய்தியைத் தம் மொழியில் சொல்ல முடிகிறதா? சொன்னவருக்குச் சொன்ன பிறகு என்ன நேர்ந்தது? கடைசியாக, ஒருவர் 'நிறுத்து' என்று சொல்லி, அது தேவையற்றதாகப் பின்னர் தெரிந்தபோது, அவரை எவ்வாறு நடத்தினார்கள்? மூன்றாவது கேள்வியே மிகக் கடினமானது. தவறாக ஒலித்த சங்குக்காக ஊரிடம் வருந்துவதை விடுத்து, சங்கின் இணைப்பை அறுத்ததுதான் போபாலில் நடந்தது.

இதைப் படிக்கும் மாணவ நண்பர்களுள் சிலர் நாளை ஆலைகளுக்கும் ஆய்வகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் பொறுப்பேற்கக்கூடும். வரலாறோ மொழியியலோ பயில்வோர், விபத்தைப் பற்றிய ஆவணம் ஒன்று கைக்குக் கிடைத்தால், அதன் செயப்பாட்டுவினைகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றின் பின்னும் யாரோ ஒருவர் எதையோ நிறுத்தியிருக்கிறார். பெரும்பாலும் இன்னொருவர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அந்த இரண்டாமவரைத் தேடிக் கண்டுபிடித்து, அவர் சொன்னதை எழுதி வைப்பதும் நம் துறையின் பணியே.